வாசகர் கேள்வி-பதில்: மறக்கப்பட்ட குற்றப் படங்கள்

கேள்வி: என் தாய்மாமா பெயர்பெற்ற படங்களை விட்டுவிட்டு, 1940களிலும் 50களிலும் வந்த, எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்பட்டிராத அமெரிக்க நகரக் குற்றப் படங்களையே தேடி வாங்குகிறார். அலுமாரி நிறைய வட்டுகள். சில 16 எம்.எம். சுருள்களும் உண்டு. எல்லாக் கதையும் ஒன்றுபோலவே இருக்கிறது. இவற்றை அகற்றிவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.
- வாசகி, ஹட்டன்

பதில்: தயவுசெய்து அகற்றிவிடாதீர்கள். கதைகள் ஒன்றுபோல இருப்பது உண்மைதான். ஆனால் சேகரிப்பவரின் கண் கதாநாயகனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் தெரியும் தெருவில் நிலைத்திருக்கும். 1948இல் வெளிவந்த 'தி நேக்கட் சிட்டி' நியூயோர்க்கின் உண்மையான தெருக்களில் படமாக்கப்பட்டு, ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் ஒஸ்கார் விருது பெற்றது. அக்காலக் குற்றப் படங்கள் பலவும் இவ்வாறே கமராவை வெளியே கொண்டுசென்றன. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பங்கர் ஹில் குன்றில் இருந்த பழைய மர வீடுகளையும், சரிவில் ஏறி இறங்கிய 'ஏஞ்சல்ஸ் ஃபிளைட்' என்ற சிறு இழுவை ரயிலையும் 'கிரிஸ் கிராஸ்' (1949), 'கிஸ் மீ டெட்லி' (1955) ஆகிய படங்களில் இன்றும் காணலாம். அந்த வீடுகள் நகரப் புனரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. 1969இல் நிறுத்தப்பட்ட ரயில், 1996இல் சற்றுத் தள்ளித்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. லயன் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுத் தனி வீடுகள் எழுந்த தேயிலைத் தோட்டத்தில், பழைய குடும்பப் படமொன்றின் பின்னணியில் தெரியும் இஸ்தோப்பை, அதாவது வீட்டு முன்திண்ணையை, நாம் உற்றுப் பார்ப்பதில்லையா? உங்கள் மாமாவின் பார்வையும் அத்தகையதே.

இன்னொரு காரணம், இப்படங்களைக் காப்பாற்ற எவரும் அவசரப்படாதது. சான் பிரான்சிஸ்கோவில் படமாக்கப்பட்ட 'வுமன் ஆன் த ரன்' (1950) படத்தின் அமெரிக்கப் பிரதி, 2008இல் யூனிவர்சல் ஸ்டூடியோவில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது. பிரிட்டனில் எஞ்சியிருந்ததைக் கொண்டே பின்னர் அது மீட்கப்பட்டது. எங்கோ ஒரு பிரதி கிடந்ததனால்தான் அந்நகரின் அன்றைய தெருக்கள் நமக்குக் கிடைத்தன.

ஆகவே முதலில் அந்தச் சுருள்களைக் கவனியுங்கள். ஹட்டனின் குளிர் அவற்றுக்கு நல்லது, ஈரப்பதம்தான் பகை. தகரப் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால், அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் வகையால் ஆன சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வெளிவரும் அமில ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால், அதை உடனே பிரித்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் தனியே வைக்கும்படி மாமாவிடம் சொல்லுங்கள்.