காகித மணி ஏன் பிரிகிறது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பழைய காலண்டர் தாளைச் சுருட்டி மணி செய்து மாலை கோக்கிறோம். வார்னிஷ் அடித்தும் வியர்வை பட்டால் மணி ஊதிப் பிரிகிறது. சில மாலைகளில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன விலை வைப்பதென்றும் தெரியவில்லை.
– வாசகி, சாத்தூர்

பதில்: பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் துளைதான். பிரஷ்ஷால் அடித்தால் மணியின் மேல்பக்கம் பளபளக்கும்; துளையோரம் வெறும் காகிதமாகவே நிற்கும். வியர்வை அங்கேதான் ஏறுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பசையும் ஈரத்தில் இளகும் ரகம். எனவே மெல்லிய கம்பியில் பத்துப் பத்தாக, இடைவெளி விட்டுக் கோத்து, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷில் முழுக்க முக்கி எடுங்கள். துளை அடைக்காதபடி உடனே ஊதிவிட்டு, முதல் சில நிமிடம் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் அடியில் சொட்டு கட்டும்.

மணிகள் ஒட்டிக்கொள்வது அவசரத்தால். ஒரே தடிப்பூச்சு வேண்டாம், மெல்லியதாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஓர் இரவு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் கழித்தே மாலை கோக்கத் தொடங்குங்கள்.

சுருட்டுவதற்கு ஈர்க்குச்சி வேண்டாம். ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்திருப்பதால் துளை கோணலாகும். சைக்கிள் ஸ்போக் போதும். பட்டை 10 அங்குல நீளம்; அகலம் ஒரு முனையில் 12 மில்லிமீட்டர், மறுமுனையில் 2. அகல முனையிலிருந்து தொடங்குங்கள். முதல் ஓர் அங்குலத்துக்குப் பசை தடவாதீர்கள், ஸ்போக்கில் ஒட்டிவிடும். 15க்கு 20 அங்குலத் தாளைக் குறுக்கே பாதியாக்கி, பட்டைகளைத் தலைமாற்றி வெட்டினால் சுமார் நூறு மணி கிடைக்கும். சாமி படம் உள்ள தாளை வெட்ட உங்கள் குழுவிலேயே மனம் வராது. இயற்கைக் காட்சித் தாள்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். 22 அங்குல மாலைக்கு, நடுநடுவே சிறு கண்ணாடிப் பாசி கோத்தால், 40 காகித மணி வேண்டும். கை பழகியவருக்கு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் சுருட்ட மட்டும் 80 நிமிடம். வெட்டுவது, முக்குவது, கோப்பது சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். தாள் இலவசம் என்பதால் பல குழுக்கள் இந்தக் கூலியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முதலில் கூலி, அதன்மேல் வார்னிஷ், பாசி, கொக்கி, கழித்துப்போடும் மணிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு. கடைக்காரர் கமிஷன் அதற்கும் மேலே. ‘ஏழைப் பெண்கள் செய்தது’ என்று அட்டையில் அச்சடிக்காதீர்கள். இரக்கத்தில் வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். ‘வியர்வைக்குத் தாங்கும், தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்’ என்று போடுங்கள்.