மார்கழிக் கச்சேரிக்குச் சக்கர நாற்காலியில்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். என் தந்தைக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அவருக்கு இடது கையும் இடது காலும் வலுவிழந்துவிட்டன. பிடித்துக்கொண்டால் சில நொடிகள் நிற்பார், நடக்க முடியாது. இந்த மார்கழியில் சென்னைக்குப் போய் மியூசிக் அகாடமியில் ஒரு கச்சேரியாவது நேரில் கேட்க வேண்டும் என்கிறார். நானும் என் கணவரும் உடன் செல்வோம். மூன்று நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பதில்: பெரும்பாலான குடும்பங்கள் ரயில் டிக்கெட்டிலிருந்து தொடங்குகின்றன. பிறகு விடுதி, அதன் பிறகு கச்சேரிச் சீட்டு என்று போய், அரங்கத்தின் வாசலில் இறங்கி நின்ற பிறகுதான் படிக்கட்டு கண்ணில் படுகிறது. நீங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். அரங்கினுள் உங்கள் தந்தையாரின் நாற்காலி எந்த இடத்தில் நிற்கும் என்பது முதலில் முடிவாக வேண்டும். அந்த இடத்திலிருந்து அவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எவ்வளவு தூரம் என்பது அடுத்தது. இவை இரண்டும் தெரிந்த பிறகுதான் எந்த நாள், யார் பாடுகிறார்கள், எந்த விடுதி, எந்த ரயில் என்ற கேள்விகளுக்குப் போக வேண்டும். பிடித்த பாடகரின் தேதியை முதலில் குறித்துக்கொண்டுவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் சமரசம் செய்துகொள்ளத் தொடங்கிவிடுவோம்.

டி.டி.கே. சாலையில் உள்ள மியூசிக் அகாடமி அரங்கம் 1962-இல் திறக்கப்பட்டது. கச்சேரி நடத்தும் சங்கங்களான சபாக்களில் சென்னையின் மூத்தவை பலவற்றின் அரங்கங்களும் சக்கர நாற்காலியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காலத்தில் கட்டப்பட்டவையே. எனவே எந்த அரங்கமாக இருந்தாலும் சபா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் நாள் வரை நடக்கும் அகாடமி விழாவுக்கு நவம்பரிலேயே எழுதிவிடுங்கள். விழா தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் எவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "வீல்சேர் வசதி இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்டால், நம் ஊரில் எந்த அரங்கமானாலும் விடுதியானாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தாராளமா வாங்க சார், நம்ம பசங்க ரெண்டு பேர் தூக்கி விட்டுடுவாங்க." மனசு நல்ல மனசுதான், ஆனால் அது வசதியாகாது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் வலுவிழந்தவரைப் பழக்கமில்லாதவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அந்தப் பக்கத்துத் தோள்மூட்டு எளிதில் பாதிக்கப்படும். ஆகையால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாகக் கேளுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து அரங்கின் உள்ளே போக எத்தனை படிகள்? சரிவுப் பாதை இருந்தால் அதன் உயரம் என்ன, நீளம் என்ன? உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் இருந்தால்தான் அது சரிவுப் பாதை. அதற்குக் குறைந்தால், சறுக்கு மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை நடைபாதையின் ஓரத்தில் நிறுத்துவார்களா, அல்லது ஒரு இருக்கையை எடுத்துவிட்டு இடம் தருவார்களா? உடன் வருபவர் பக்கத்திலேயே உட்காரலாமா? கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? முடிந்தால் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். கதவின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்குச் சட்டமும் துணையிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காகக் கூடும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே கணக்கில் கொள்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்றியமைக்க அது தந்த ஐந்து ஆண்டு அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. கடிதத்தில் இதை ஒரு வரியில் பணிவாகக் குறிப்பிடலாம். ஆனால் கச்சேரி நாளன்று வாசலில் நின்று சட்டம் பேசுவதால் உங்கள் தந்தையாருக்குப் பல்லவி கேட்கக் கிடைக்காது.

கழிப்பறை விஷயத்தில் வெட்கப்படாமல் திட்டமிட வேண்டும். முழுக் கச்சேரி இரண்டரை மணி நேரமாவது நீளும். போக்குவரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் அவர் விடுதிக்கு வெளியே இருப்பார். இதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு அது நல்லதன்று. பகல் முழுவதும் வழக்கம்போல் குடித்துவிட்டு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளட்டும். நீர் வெளியேற்றும் மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் அன்றைய வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரங்கில் எழுந்து போக வேண்டிவந்தால் கச்சேரியின் நடுநாயகமான நீண்ட பாட்டு, அதாவது பிரதான உருப்படி, தொடங்குவதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள். அதில் மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கம் கேன்டீனை நோக்கி நடைபாதையில் இறங்கிவிடும். மிருதங்கக்காரர்களுக்கு இழைக்கப்படும் இந்த அநியாயம் தனிக் கதை. நமக்கு முக்கியம், அந்தப் பதினைந்து நிமிடத்தில் சக்கர நாற்காலி நகர வழியிருக்காது என்பதுதான்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அரங்கத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் பாருங்கள். ராதாகிருஷ்ணன் சாலை, கதீட்ரல் சாலை, ராயப்பேட்டைப் பக்கம் பல விலைகளில் விடுதிகள் இருக்கின்றன. மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலைகளும் திருப்பிவிட்ட பாதைகளும் இருப்பதால், வரைபடம் காட்டும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். அறையில் முதலில் பார்க்க வேண்டியது குளியலறைக் கதவுதான். சாதாரணமாக மடக்கும் நாற்காலி, தள்ளுவளையத்தையும் சேர்த்து 62 முதல் 66 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். விடுதி அறைகளில் முன்கதவு தாராளமாக இருந்தாலும் குளியலறைக் கதவு இதைவிடக் குறுகலாக அமைந்துவிடுவது சாதாரணம். கூடவே, தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு கல்தடுப்பும் வைத்திருப்பார்கள். உங்கள் நாற்காலியை இன்றே அளந்து எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லி விடுதியில் கேளுங்கள். கழிப்பறைக் கோப்பையின் வலது பக்கத்தில் பிடிமானம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இடது பக்கத்துக் கைப்பிடி அவருக்குப் பயன்படாது. குளியல் நாற்காலியைத் திருச்சியிலிருந்து சுமந்து செல்லத் தேவையில்லை. சென்னையில் மருத்துவ உபகரணங்களை வாடகைக்குத் தருகிறார்கள்.

ரயிலைப் பொறுத்தவரை ஒரு தடைதான் பெரிது. நடைமேடைக்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர் உயரம் இருக்கிறது, வாசலும் குறுகல். சில நொடிகளே நிற்கக்கூடியவருக்கு இதுவே பயணத்தின் மிகக் கடினமான ஒரு நிமிடம். உங்கள் கணவர் முன்னே ஏறி நின்றுகொள்ள, சுமைத்தொழிலாளர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையார் ஏறும்போது வலது காலையும், இறங்கும்போது இடது காலையும் முதலில் வைக்கட்டும். இதை இயன்முறை மருத்துவரிடம் முன்பே பழகிக்கொள்வது அவசியம். திருநெல்வேலி – சென்னை எழும்பூர் வந்தே பாரத் திருச்சியில் நிற்கிறது. அதன் இரு கோடிப் பெட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருப்பதால், பகல் பயணத்துக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன். துணையின்றிப் பயணிக்க முடியாதவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் சாதாரண விரைவு ரயில்களின் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வே கேட்கும் படிவத்தில் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ரயில்வேயின் சலுகை அட்டையை வாங்கிவிட்டால் இணையத்திலேயே பதிவு செய்யலாம். அட்டை கைக்கு வர நாளாகும் என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள்.

சென்னைக்குள் போக்குவரத்துக்கு மூன்று நாளும் ஒரே காரை வாடகைக்கு எடுத்துவிடுவதுதான் என் பரிந்துரை. மெட்ரோவில் மின்தூக்கியும், நடைமேடைக்குச் சமமான பெட்டித் தளமும், நாற்காலிக்கென்று இடமும் இருக்கின்றன. ஆனால் அகாடமிக்குப் பக்கத்தில் இப்போது இயங்கும் ஏ.ஜி. – டி.எம்.எஸ். நிலையத்திலிருந்து மீதித் தூரத்துக்கு மறுபடி வண்டிதான் பிடிக்க வேண்டும். 2024 முதல் ஓடும் தாழ்தள மாநகரப் பேருந்துகளும் நல்லவையே. மூன்று நாள் விருந்தாளி அவற்றின் தடங்களைக் கற்றுக்கொள்வதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

கார் பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, டிக்கியில் எரிவாயு சிலிண்டர் இருக்கிறதா? இருந்தால் மடித்த நாற்காலி உள்ளே போகாது. இரண்டாவது, இருக்கையின் உயரம். பெரிய வண்டியே சௌகரியம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர்தான். உயரமான வண்டியில் அவரை மேலே தூக்க வேண்டிவரும். சாதாரண செடானின் முன் இருக்கை அவருக்குப் பொருந்தும். முன் இடது கதவருகே நாற்காலியைக் கார் பார்க்கும் திசையையே பார்க்கும்படி நிறுத்தினால் இருக்கை அவருடைய வலது கைப் பக்கம் அமையும். வலுவான பக்கமாக நகர்வதால் ஏறுவது எளிது. இறங்கும்போது அதே நகர்வு வலுவற்ற இடது பக்கமாக நடக்கும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆகவே ஏற்ற ஒருவர் போதுமென்றாலும் இறக்க இருவர் நில்லுங்கள். அதைச் சாலையோரத்தில் செய்யாமல் வளாகத்துக்குள் செய்யுங்கள்.

நாளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். முதல் நாள் பயணக் களைப்பு தீர்வதற்கே போய்விடும். இரண்டாம் நாள் ஏதேனும் ஒரு சபாவின் பிற்பகல் கச்சேரிக்குச் செல்லுங்கள். பல சபாக்களில் அது இலவசம், பாடுபவர்கள் இளைஞர்கள், கூட்டம் குறைவு. அவர் எவ்வளவு நேரம் ஒரே நிலையில் உட்கார முடிகிறது, முதுகுக்குத் தலையணை வேண்டுமா, ஏ.சி. குளிரில் இடது கை விறைக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வருவதற்கும் மனசு கனக்காது. மூன்றாம் நாள் காலையில் மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட 263 மீட்டர் மரப்பாதையில் அலைக்கு அருகே வரை நாற்காலியிலேயே கூட்டிச் செல்லுங்கள்; வெயில் ஏறுவதற்கு முன் விடுதிக்குத் திரும்பிப் பகலில் அவர் தூங்கட்டும். அன்று மாலைதான் அகாடமி. ஊருக்கு மறுநாள் காலையில் கிளம்பலாம்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டதாக நம்ப வேண்டாம். சக்கரம் நனைந்தால் பிரேக் வழுக்கும். சக்கரத்தைத் துடைக்க ஒரு பழைய துண்டும், அவருக்கொரு மழைக்கோட்டும் நாற்காலியின் பின்பையில் இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசிப் பாட்டான மங்களம் பாடத் தொடங்கியதும் உங்கள் கணவர் வெளியே போய் ஓட்டுநரை அழைக்கட்டும். கூட்டம் கலைந்து நடைபாதை காலியாக இருபது நிமிடம் ஆகும், அதற்குள் வண்டியும் வாசலுக்கு வந்துவிடும்.