ரகாஸ்டாக்கள் ஏன் அலையிறாங்க? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிட்டு இருக்கேன். பூனை முகம் உள்ள போர்வீரர் கூட்டம் ஒண்ணு அதுல வருது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற, ஆளாளுக்கு ஒரு பாத்திரமா மாறி கதை சொல்லி ஆடுற கேம்ல வர்ற ரகாஸ்டாவைத்தான் மாதிரியா வச்சிருக்கேன். மூணு அத்தியாயம் முடிச்சாச்சு, சண்டையெல்லாம் நல்லா வந்திருக்கு, ஆனா படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஒண்ணையே கேக்குறாங்க, இவ்ளோ பலசாலிங்க ஏன் ஒரு ஊரைப் பிடிச்சு உக்காராம கூடாரத்தைத் தூக்கிட்டு அலையணும்னு. எனக்குப் பதில் தெரியல. ஏதாவது சாபம்னு வச்சிரலாமான்னு யோசிக்கிறேன். இன்னொண்ணு, ரகாஸ்டாங்கறது நம்ம ராட்சசன்தானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சாபம் மட்டும் வேணாம். அவங்க அலையிறதுக்குக் காரணம் அவங்க வயித்துலயே இருக்கு, அதை விட்டுட்டு ஒரு முனிவரைக் கொண்டுவந்து சாபம் கொடுக்க வச்சா அந்த ஜனங்களே பொம்மையாயிடுவாங்க.

ராட்சசன் விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். பேர் காதுல ஒரே மாதிரி விழுது, நிஜம்தான், ஆனா அந்த கேம்ல ராட்சசன் தனி, புலித்தலையோட உருவம் மாத்தி ஆளை ஏமாத்துற மாயாவி. ரகாஸ்டா வேற. 1981ல டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதின தி ஐல் ஆஃப் ட்ரெட்ங்கற, அந்த கேம்ல ஆடுறதுக்கான சாகசக் கதைப் புத்தகத்துல வர்றவங்க. மனுஷன் மாதிரி நிமிர்ந்து நடப்பாங்க, பூனைத் தலை, பழுப்பு ரோமம், பல்லும் நகமும்தான் ஆயுதம், சில பேர் காஸாங்கற இரும்பு நகம் மாட்டிக்குவாங்க (நம்ம பக்கம் மராட்டியர் வச்சிருந்த புலிநகம் ஞாபகம் வருதுல்ல). சவாரி வாள்பல் புலி மேல.

இந்த சவாரியிலதான் உங்க பதில் இருக்கு. மங்கோலியனோட குதிரை புல்லு தின்னும், ராத்திரி அவுத்து விட்டா அதுபாட்டுக்கு மேஞ்சுக்கும். வாள்பல் புலிக்கு கறி வேணும். காட்டுல ஒரு புலி வருஷத்துக்கு மான் அளவுல சுமார் 50 உருப்படி திங்கும்னு கணக்கு சொல்றாங்க. உங்க கூட்டத்துல 20 பேர் சவாரி பண்றாங்கன்னு வைங்க, புலிங்களுக்கு மட்டுமே வருஷம் 1,000 மான், அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்கிறவங்களும் கறி தின்றவங்கதான், அவங்க குழந்தைகுட்டி, வயசானவங்க எல்லாருக்கும் சேத்துப் பாருங்க, எந்தக் காடு தாங்கும்? ஒரு இடத்துல ரெண்டு மூணு மாசம் உக்காந்தாலே சுத்துவட்டாரம் காலியாயிடும். மான் மந்தை நகர்ந்தா கூடாரமும் நகரணும். ஊரைப் பிடிக்க பலம் இருந்தும் பிடிக்க மாட்டாங்க, ஊர்ல என்னத்த திங்கறது?

சண்டையும் இதுலேர்ந்துதான் மாறணும். உங்க ரெண்டாவது அத்தியாயத்துல அவங்க சமவெளியில மைல் கணக்கா பாய்ஞ்சு ஓடி வர்றாங்கன்னா அது குதிரைப் படை. நிஜத்துல இருந்த வாள்பல் பூனை, ஸ்மைலோடான், புலிக்கு நெருங்கின சொந்தமே இல்ல, குட்டை வால், முன்னங்கால் ரெண்டும் தூண் மாதிரி, தென் அமெரிக்காவுல இருந்த பெரிய இனத்துக்குக் கோரைப்பல் 28 செ.மீ. வரைக்கும் இருந்திருக்கு. துரத்தி ஓடுற உடம்பு இல்ல அது. பதுங்கி, மேல விழுந்து, அமுக்கிப் பிடிக்கிற உடம்பு. கேமை எழுதினவங்களும் இதுக்கு ஒத்துப்போற மாதிரிதான் எழுதியிருக்காங்க, புலியை முழங்காலாலதான் நடத்துவாங்க, சேணம் புலியோட சண்டைக்கு இடைஞ்சலா இருக்காது, கிட்ட வந்ததும் வீரன் சேணத்துலேர்ந்து 20 அடி தாவி எதிரி மேல விழுவான். அப்ப ஒரே நேரத்துல ரெண்டு மிருகம் ரெண்டு பக்கத்துலேர்ந்து விழுது! இதை எழுதுங்க தம்பி, புல்லுக்குள்ள அரை மணி நேரம் அசையாம கிடக்கிறதை எழுதுங்க.

எங்க வீட்டுப் பூனை மதில்லேர்ந்து தாவுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை மட்டும் இப்படி அப்படின்னு நாலு தடவ ஆட்டும், தலை துளி அசையாது, காது முன்னால நிக்கும், அப்புறம் பொறுமையா பின்னங்காலை மாத்தி வைக்கும். நான் தினமும் காலையில காபியோட நின்னு இதைப் பாக்குறேன், சலிச்சதே இல்ல. உங்க வீரன் சேணத்து மேல அந்த நாலு ஆட்டத்தை ஆடட்டும், கீழ இருக்கிற புலியும் அதே நேரத்துல ஆடட்டும்.

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். அந்தக் கூடாரங்களுக்குள்ள விலை உசந்த கம்பளம், சித்திரத் திரைச்சீலை எல்லாம் இருக்கும்னு எழுதியிருக்காங்க. வெறும் முரட்டுக் கூட்டம் இல்ல, நெய்யிறவங்க. நெசவுக்கு ரோமம் எங்கேர்ந்து வருது? ஆடு வளர்க்கணும். ஆடும் வாள்பல் புலியும் ஒரே பாளையத்துல ராத்திரி தூங்கணும். நடுவுல யார் காவல் இருக்காங்க, பசிக்கிற புலியை யார் சமாதானப்படுத்துறாங்க, குட்டிப் பசங்க நகம் முளைக்கிற வயசுல பாட்டி நெய்த கம்பளத்தைப் பிராண்டினா என்ன நடக்கும்? உங்க மூணு அத்தியாயத்துல ஒரு பாட்டிகூட இல்லைன்னு நினைக்கிறேன்.

நாலாவதை சண்டையில ஆரம்பிக்காதீங்க. மான் மந்தை நகர்ந்துருச்சு, விடியறதுக்குள்ள கூடாரத்தைப் பிரிக்கணும், நனைஞ்ச கம்பளத்தை நாலு பேர் சேர்ந்து சுருட்ட முடியாம நிக்கிறாங்க, அங்கேர்ந்து எழுதி எனக்கு அனுப்புங்க.

அன்புடன்