காசநோய்க் கிருமிகளின் வீரியம்: கேள்வி–பதில்

கேள்வி: மனிதக் காசநோய்க் கிருமியும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் மரபணுவில் ஏறத்தாழ ஒன்றே என்கிறார்கள். நோயின் கடுமை மட்டும் ஏன் விலங்குக்கு விலங்கு மாறுகிறது?

பதில்: மாட்டுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸின் மரபணு வரிசை 2003-இல் வெளியானபோது, இரண்டும் 99.95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருப்பது தெரியவந்தது. போவிஸில் சில மரபணுப் பகுதிகள் அழிந்துபோயுள்ளன. எஞ்சியவற்றிலும் சில செயல்படும் அளவு வேறுபடுகிறது. ஆயினும், எந்த விலங்கின் உடலில் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் 'இது கொடிய கிருமி, அது மிதமான கிருமி' என்று தரம் பிரிப்பதை நான் ஏற்பதில்லை. முயலின் உடலில் போவிஸ் பல உறுப்புகளுக்கும் பரவி உயிரைப் பறிக்கும். மனிதக் கிருமியோ பெரும்பாலும் நுரையீரலில் சில புண்களோடு அடங்கிவிடும். கினிப்பன்றி இரண்டுக்குமே பலியாகும். மூலக்கூறுச் சோதனைகள் வருமுன் ஆய்வகங்கள் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் இரு கிருமிகளையும் பிரித்தறிந்தன. அதற்கு எண்ணற்ற முயல்கள் உயிரிழந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது.

கேள்வி: காசநோயைக் கண்டறியும் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டித் தேறாத மாட்டுக்கு மனிதரிடமிருந்து கிருமி வந்திருக்குமா?

பதில்: வந்திருக்கலாம். மனிதக் கிருமியைச் செலுத்திய மாடுகளும் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டுகின்றன. ஆனால் போவிஸ் தொற்றிய மாடுகளின் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் காணும் காசக் கட்டிகள் அவற்றில் மிகக் குறைவாகவே இருக்கும், அல்லது இராது. எந்தக் கிருமி என்பதைத் திசுவிலிருந்து கிருமியை வளர்த்தோ மரபணுச் சோதனை செய்தோதான் அறிய முடியும். இதை வைத்து மனிதக் கிருமி விலங்குகளுக்குத் தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம்: மனிதரிடமிருந்து அதைப் பெறும் யானைகள் கடும் நோய்க்கு ஆளாகின்றன.

கேள்வி: இதே குடும்பத்துக் கிருமியான மைக்கோபாக்டீரியம் மைக்ரோட்டி மனிதரை ஏன் அரிதாகவே தாக்குகிறது?

பதில்: வோல் என்னும் சிறு கொறிவிலங்கில் நோயுண்டாக்கும் இக்கிருமி, ஆர்டி1 என்னும் மரபணுப் பகுதியின் ஒரு பாகத்தை இழந்துவிட்டது. நோயெதிர்ப்புச் செல்லுக்குள் கிருமி தன்னை நிலைநிறுத்திக்கொள்ள உதவும் புரதங்களைச் சுரக்க வழிசெய்வது அப்பகுதியே. 1908 முதல் 1921 வரை போவிஸை 230 முறை புதிய வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றி வளர்த்து உருவாக்கிய, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக் கிருமியும் தனியே அதே பகுதியை இழந்துள்ளது. ஆய்வகத்தில் அதைத் திருப்பிச் சேர்த்தபோது வீரியம் ஓரளவே மீண்டது. ஆகவே, அந்த இழப்பு ஒன்றே முழுக் காரணம் அன்று.

கேள்வி: போவிஸ் மனிதருக்கு மிதமான நோயைத்தான் தருமா?

பதில்: இல்லை. மனிதரிடையே அது எளிதில் பரவாது என்பதே வேறுபாடு. நோயின் கடுமை குறைவதில்லை. மேலும், காசநோய்க்குத் தரப்படும் பைராசினமைடு மருந்துக்கு அது இயல்பிலேயே கட்டுப்படாது என்பதால், மருத்துவர் கிருமியின் இனத்தை அறிந்தே சிகிச்சையை வகுக்க வேண்டும்.