யாருடைய கட்டையில் பாடுவது?

வணக்கம் சார்,

திருநகரில் இருந்து எழுதுகிறேன். போன டிசம்பரில் என் அலுவலகத் தோழி அவள் சர்ச்சில் நடந்த கேரல் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். பாடகர் குழுவில் அவள் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். நாலு வரிசையும் நாலு விதமாகப் பாடுகிறார்கள், ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரே பாட்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது. வெளியே வந்ததும், "இந்த ஹார்மனிதான் உங்க கர்நாடக சங்கீதத்துல கிடையாதே" என்றாள். சின்ன வயதில் கீதம் வரைக்கும் கற்றுக்கொண்டவள் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. நிஜமாகவே நம்மிடம் இல்லையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதோடு சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. விட்டுப்போன பாட்டை மறுபடி தொடங்க வீட்டில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கேட்டேன். மாமியார், கணவர், கொழுந்தனார் மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "குடும்பம்னா அனுசரிச்சுத்தான் போகணும்." எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் இந்தப் பெருமைக்காக நான் மட்டும் காலம் பூராவும் ஒத்து ஊதிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நின்று, அந்தச் சேர்க்கையே அடுத்தடுத்து மாறிக்கொண்டு போவது மேற்கத்திய இசையின் வழி. நம்முடையது ஒரு நேரத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதைக் குழைத்து, வளைத்து, கமகம் என்கிற அசைவு சேர்த்துப் போவது. ராகத்தின் உயிர் அந்த வளைவில் இருக்கிறது. அதன் மேல் நாலு சுரத்தை அடுக்கினால் வளைவு நசுங்கிப்போகும். எனவே அது குறை இல்லை.

மிச்சப் பாதி தம்புராவில் இருக்கிறது. நாலு தந்தி, பஞ்சமம் (ப), இரண்டு மேல் சட்ஜம் (ச), ஒரு கீழ் சட்ஜம். காந்தாரத்துக்கென்று (க) தந்தியே கிடையாது. ஆனால் ஜீவாவை, அதாவது பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் வைக்கிற நூலை, சரியான இடத்துக்கு நகர்த்திச் சுருதி சேர்த்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே தெளிவாகக் கேட்கும். பிரமை இல்லை, கணக்குதான். சட்ஜம் நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள் (கட்டை என்பது பாடுகிறவர் தன் சட்ஜமாக வைத்துக்கொள்கிற சுருதி; பெண்கள் பாடுகிற 5 கட்டை கிட்டத்தட்ட அங்கேதான் வரும்). ஒரு தந்தி 200-ல் மட்டும் அதிர்வதில்லை. கூடவே 400, 600, 800, 1000 என்றும் அதிர்கிறது. 600 பஞ்சமம். 1000 அந்தர காந்தாரம். அதிர்வைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே வரும். அப்படி இவற்றைக் கீழே ஒரே ஸ்தாயிக்குள் கொண்டுவந்தால் 200, 250, 300. அதாவது ச, க, ப. மேற்கத்திய இசையில் மேஜர் கார்ட் என்று குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த மூன்றைத்தான். அவர்கள் நாலு பேரை நிற்க வைத்துப் பாடுவதை நாம் ஒரு தந்திக்குள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் கீபோர்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 200-ஐ சட்ஜமாக வைத்துக்கொண்டு காந்தாரத்தை அழுத்தினால் 250 வராது, 252-க்கு ஒட்டி வரும். பஞ்சமமும் 300-க்கு ஒரு மயிரிழை குறைவு. பன்னிரண்டு கட்டையில் எதை வேண்டுமானாலும் சட்ஜமாக வைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் இருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. வாத்தியம் இல்லாமல் பாடும் நல்ல பாடகர் குழு அந்த 252-ஐ விட்டுவிட்டுத் தானாகவே 250 பக்கம் சாயும். நீங்கள் புல்லரித்த இடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

நம் ஆட்களின் காதுக்கு ஹார்மனி புதிதும் இல்லை. பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். அங்கிருந்து கிளம்பிய இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துவிட்டு 1976-ல் படத்துக்கு இசையமைக்க வந்தார். மேலே பாட்டு ஒரு வழியில் போகும், அடியில் பேஸ் கிதார் தன் வழியில் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். பேர் தெரியாமலே டவுன் பஸ்ஸில் நாம் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சம்பந்தம் உண்டா என்கிறீர்கள். நிறையவே உண்டு. ஒத்து ஊதுகிறேன் என்று எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒத்து, நாயனத்தைப் போன்ற நீளக் குழல். ஆனால் விரல் ஓட்டி வாசிக்கத் துளை இல்லை. அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் கொஞ்சம் திறந்தும் சுருதியைச் சரிக்கட்டுவார்கள். ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சாமி புறப்பாடு முடிகிற வரை அந்த ஒரு சுரம் அறுபடக் கூடாது. கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியிருக்கும், கண் எங்கோ நிலைத்திருக்கும். கூட்டம் தலையாட்டுவது நாயனக்காரருக்கு. ஒத்து நின்றால் அந்த நாயனக்காரருக்கு நிற்க இடம் இருக்காது. இப்போது கல்யாண வீடுகளில் அந்த வேலையை ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி பார்த்துவிடுகிறது. வீடுகளுக்கு அப்படி ஒரு பெட்டி இன்னும் வரவில்லை, அதனால்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒத்து ஊதுவது கேவலமான வேலை இல்லை. நான் கேட்பது வேறு. அன்றெல்லாம் ஒத்து பிடித்தவர் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த பிள்ளை. சுருதி காதில் ஊறட்டும் என்று கொடுத்து வைப்பார்கள். ஒருநாள் அவன் கைக்கு நாயனம் வரும். உங்கள் வீட்டில் அது வருமா?

கச்சேரியைப் பாருங்கள். பாடுகிறவரின் கட்டைதான் எல்லோருக்கும் கட்டை. வயலின்காரர் தந்தியை அதற்கு இறக்குவார் அல்லது ஏற்றுவார். மிருதங்கக்காரர் அதற்கேற்ற மிருதங்கத்தைக் கொண்டுவந்து, கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சேர்ப்பார். இதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் என்று ஒன்று வரும். அப்போது பாடகர் வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், நடுவில் எண்ணிக்கை தப்பினால் மானம் போய்விடும். அவ்வளவு நேரம் தனக்காக வாசித்தவருக்கு இப்போது அவர் காவல். வயலினுக்கும் ராகம் வாசிக்க முறை கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். தனி ஆவர்த்தனமே வராத கச்சேரியில் மிருதங்கம் எத்தனை சுத்தமாகச் சுருதி சேர்ந்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? உங்கள் வீட்டில் கட்டை மற்ற மூன்று பேருடையது, தனி யாருக்கும் கிடையாது, உங்களுக்கு வருஷம் முழுக்க ஒத்து. வெளியே இருந்து கேட்கிறவர்களுக்கு அது இனிமையாகத்தான் இருக்கும்.

"சண்டை கிடையாது" என்று எழுதிய இடம் எனக்கு உறுத்தியது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழைக் கூட்டும்போது இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் நாலு உறவையும் பார்க்கிறாள். பகையையும் சேர்த்துத்தான். எந்த நரம்பு எதற்குப் பகை என்று தெரியாமல் யாழைச் சுருதி கூட்ட முடியாது. பகையே இல்லாத யாழ் வேண்டுமென்றால் ஒரே நரம்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நம் சித்திரைத் திருவிழாவையே எடுங்களேன். தேனூரில் நடந்த அழகர் விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்பார்கள். சைவமும் வைணவமும் ஒன்றானதற்கு மேடைக்கு மேடை இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் கதை என்ன? திருப்பரங்குன்றத்தில் இருந்து வந்த பவளக்கனிவாய்ப் பெருமாள் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறார். அழகர் வந்து சேர்வதற்குள் தாலி ஏறிவிட்டது. கோபித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். இது கோயில் சாஸ்திரம் இல்லை, ஊர்க்கதை. லட்சக்கணக்கான ஜனங்கள் விடிய விடியக் காத்திருந்து தண்ணீர் பீய்ச்சிக் கொண்டாடுவது இந்த மனத்தாங்கலைத்தான். "அனுசரிச்சுப் போங்க சாமி" என்று யாரும் அவரைக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனதில்லை. அவருக்கு அவர் வழி, அவர் மண்டகப்படி, அவர் கோபம். ஊருக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

நீங்களும் ஒருநாள் கொஞ்சம் கோபப்படலாம். முதலில் மாமியாரிடம் வேண்டாம், கணவரிடம். வாரத்தில் ஒரு சாயங்காலம் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். புதன்கிழமை ஆறில் இருந்து ஏழரை, அன்றைக்கு ராத்திரிச் சமையலும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு என்று நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லுங்கள். கொழுந்தனாருக்கும் தோசை ஊற்றத் தெரிந்திருக்கும்.

பசுமலை அரசு இசைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே படித்து வந்தவர்களை விசாரித்தால் ஆசிரியர் கிடைப்பார். முதல் நாளே உங்கள் கட்டை எது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்து அவர்கள் கட்டையில் உங்களையும் பாடச் சொன்னால், தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் வேறு இடம் பாருங்கள்.