மனைக் கணக்கும் மழைத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தக்கலைக்காரர், நிலம் பற்றி குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

ஐயா, எங்கள் தாத்தா காலத்து ரப்பர் தோட்டம் 2 ஏக்கர் 10 சென்ட் இருக்கிறது. அண்ணன், நான், தங்கச்சி என்று மூன்று பேர் பங்காளிகள். மரத்துக்கு வயதாகிவிட்டது, பால் வெட்ட ஆளும் கிடைக்கவில்லை. ஐந்து ஐந்து சென்ட்டாகப் போட்டால் 42 மனை வரும், கடன் வாங்கி நாமே போடலாம் என்கிறார் மச்சான். சரிப்படுமா?
— ஒரு வாசகர், திருவட்டாறு

உங்கள் மச்சானுக்கு வகுத்தல் நன்றாகவே வருகிறது. 210-ஐ 5-ஆல் வகுத்தால் 42-தான். அந்த 42 வீட்டுக்காரர்களும் எதன் வழியாக வீட்டுக்குப் போவார்கள் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

உள்ரோட்டுக்கே நாலில் ஒரு பங்கு போய்விடும். சரிவில் ரோடு வளைந்து வளைந்துதான் ஏறும் என்பதால் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். குறைத்தே 50 சென்ட் என்று வையுங்கள், மிச்சம் 160. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்கு மேல் போனால், ரோடு நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா மாதிரி பொது உபயோகத்துக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டவும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. உங்களுடையது ஏறக்குறைய 8,500 சதுர மீட்டர். இடமாகவே விட்டால் 144 சென்ட் நிற்கும். முக்கும் மூலையும் கழித்து 26, 27 மனை தேறினால் பெரிய காரியம். ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் கைக்கு வரும். மச்சானின் கடன் கணக்கை 42-க்குப் போடாமல் 26-க்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பொது ரோட்டிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு வரும் வழி எத்தனை அடி என்று நீங்கள் எழுதவே இல்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் பல தோட்டங்களுக்கு இரண்டு கையாலைகளுக்கு (வேலிச் சுவர்களுக்கு) நடுவே ஒரு ஜீப் நுழைகிற வழிதான் இருக்கும். ரப்பர் ஷீட் ஏற்ற அது போதும், மனைப்பிரிவுக்குப் போதாது. பழைய பிரமாணத்தை, அதாவது பத்திரத்தை எடுத்து அந்த வழியை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். பக்கத்து வஸ்து (நிலம்) வழியாக ‘நடைவழி’ என்றிருந்தால் அதில் லாரி விட உங்களுக்கு உரிமை வராது. அகலப்படுத்தப் பக்கத்துக்காரரிடம் நாலு சென்ட் வாங்க வேண்டியிருக்கும். அதைச் சர்வேயர் வருவதற்கு முன்னால் பேசி முடியுங்கள். சங்கிலி பிடித்து அளந்த மறுநாளே அந்த நாலு சென்ட்டின் விலை ஏறிவிடும். என் சர்வீஸ் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரப்பர் நிற்கும்போது மரத்தடியில் படிபடியாக வெட்டிய தட்டும் அடியில் படர்ந்த கொடியும் தண்ணீரைத் தாங்கி மெல்ல இறக்கிவிடும். மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, ஜேசிபி விட்டுத் தட்டை நிரவினால் முதல் மழையிலேயே செம்மண் கரைந்து கீழ்வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கும். கேஸ் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆகவே மரம் நிற்கும்போதே ஒரு கனத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தின் கீழ்க்கோடியில் போய் நில்லுங்கள். தண்ணீர் கையாலையின் எந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் கல் ஒன்று பெயர்ந்து, மண் அரித்து, வேர் வெளியே தெரியும். வரைபடத்தில் அந்த மூலையை மனையாகக் காட்டாதீர்கள், ஓடைக்கு விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே ஓடைப் புறம்போக்காக இருக்கவும் கூடும், சர்வே எண்ணுக்கான அளவை வரைபடமான புலப்படத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரிவில் மனை என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் கருங்கல் கட்டு வேண்டும். பின்னால் தண்ணீர் தேங்காமல் அதில் ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும். 2021 நவம்பர் மழையில் சுவர் சரிந்த இடங்களைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். கடன் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை. வெட்டின மண்ணை வெளியே விற்று அதைச் சரிக்கட்டலாம் என்று மச்சான் சொன்னால், கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் ஒரு லோடுகூடப் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் காகிதம் நேராக இருக்க வேண்டும். உங்கள் சர்வே எண் 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா, கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் இந்த இரண்டில் ஒன்று குறுக்கே வர வாய்ப்புண்டு. வந்தால் மரம் வெட்டவும் நிலம் விற்கவும் தனி அனுமதிகள். மச்சானின் திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1956-க்கு முந்திய பிரமாணம் என்றால் மலையாள எழுத்தில் இருக்கலாம், பழைய சர்வே எண்ணோடு. பழைய எண்ணுக்கு எந்த ரீசர்வே எண் என்று ஒத்துப்பார்த்து, வாரிசுச் சான்று வாங்கி, மூன்று பேர் பெயருக்கும் பட்டா மாற்றிய பிறகு விண்ணப்பியுங்கள். தங்கச்சி பங்கை வாய்ச்சொல்லில் விட்டுக்கொடுத்தாள் என்பதெல்லாம் எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

கடைசியாக, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மனை போட்டு விற்பவர் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்னால் விளம்பரமும் கூடாது, அட்வான்ஸும் கூடாது. வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அட்வான்ஸை வாங்கி ரோடு போட்டுவிடலாம் என்பது மச்சானின் அடுத்த யோசனையாக இருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

பூதப்பாண்டி பக்கம் 60 சென்ட் வயல். சுற்றி எல்லாரும் வாழை வைத்துவிட்டார்கள். நானும் நாலு வருஷமாக வாழைதான். இனி மண் அடித்து மனை போடலாம் அல்லவா?
— ஒரு வாசகர், இறச்சகுளம்

வாழை வைத்ததால் வயல் புஞ்சை ஆகிவிடாது. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நஞ்சை என்று இருக்கும்வரை அது நஞ்சைதான். மாஸ்டர் பிளானுக்குள் வரும் ஊர் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வராத ஊர் என்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-அ பிரிவு இருக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு இல்லாமல் உள்ளாட்சி அனுமதி தர முடியாது. நஞ்சை என்றால் வேளாண்மைத் துறையையும் மாவட்ட ஆட்சியரையும் கேட்பார்கள். முதலில் மண்ணை அடித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தால் நோட்டீஸ் வாங்கினவர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள்.

அனுமதியே கிடைத்தாலும் எனக்கு இதில் மனசில்லை. உங்கள் வயலுக்குக் கீழே யாராவது இன்னும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் போடுகிறார்களா? அவர்களுக்கு உங்கள் மடை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். நீங்கள் நாலடி உயர்த்தினால் கீழே காயும், மழைக்காலத்தில் மேலே உள்ள வயலில் தேங்கும். உங்களிடம் மனை வாங்கி வீடு வைக்கிறவருக்கும் நிம்மதி இல்லை. அடியில் வயல் களி, மேலே அடித்த மண். அஸ்திவாரத்துக்குக் கூடுதல் செலவு ஆகும், ஐப்பசியில் செப்டிக் டேங்க் தண்ணீர் இறங்காமல் மேலே வரும்.

கத்தாரில் வேலை செய்கிறேன். அருமனை அருகே 8 சென்ட் பேசியிருக்கிறார் மாமா. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ உண்டாம். அட்வான்ஸ் அனுப்பலாமா?
— ஒரு வாசகர், தோஹா

அனுப்பாதீர்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் சீலும் மட்டும் உள்ள வரைபடம் அப்ரூவல் ஆகாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண்ணைக் கேளுங்கள், ரெரா எண்ணைக் கேட்டு அதன் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவுச் சட்டம் 22-அ பிரிவின்படி பதிய முடியாது. ஏற்கெனவே மனையாகப் பதிவான இடத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பழைய மனைப்பிரிவு என்றால் 20.10.2016-க்குள் அதில் ஒரு மனையாவது பத்திரமாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் இல்லாத பழைய மனைகளுக்கான வரன்முறைத் திட்டம் அந்தத் தேதியை வைத்துத்தான் போடப்பட்டது. மாமா கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போடுங்கள்.

மனை போட்டவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டித் தருவதாகச் சொல்கிறார். போதுமா?
— ஒரு வாசகி, கருங்கல்

பங்குனி, சித்திரையில் அக்கம்பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பாருங்கள் அம்மா, போதுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பொதுக் கிணறு நிற்கும் இடம் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் பத்திரத்தில் அதற்குப் பங்கு எழுதுகிறார்களா என்று கேளுங்கள். கிணற்றை ஒட்டிய மனைக்காரர் செப்டிக் டேங்கை எந்தப் பக்கம் வைக்கப் போகிறார் என்பதையும் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். மோட்டாரின் கரண்டு பில் யார் பெயரில் வரும் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.