கூடுமா, குறையுமா? – ஆப்டிக்ஸ் கணக்கு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கண் பரிசோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரி படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதித் தேர்வு நெருங்கிவிட்டது. கண்ணின் உறுப்புகளும் நோய்களும் ஓரளவு மனத்தில் நிற்கின்றன. ஆப்டிக்ஸ் (ஒளியியல்) கணக்கும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வைப் பாதையும் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கின்றன. பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். எண்ணை மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறேன். என்ன செய்வது?

ஒரு மாணவர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

பழைய வினாத்தாள்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். விடை ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்ட தாளில் இனி கற்க ஒன்றுமில்லை. எண்ணை மாற்றினால் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கூட்டல், கழித்தல் குறியில்தான். அதனால் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, விடை கூடுமா குறையுமா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மைனஸ் 8 கண்ணாடி, கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி உட்காருகிறது. கிட்டப்பார்வை மலிந்த சிங்கப்பூரில் இது அபூர்வமான பவர் இல்லை. அவருக்குக் கான்டாக்ட் லென்ஸ் என்ன பவர்? மைனஸ் லென்ஸ் கண்ணுக்கு அருகே வந்தால் அதன் வேலை கூடும், ஆகவே குறைந்த பவரே போதும். 'குறையும்' என்று எழுதியாயிற்றா? இப்போது பவரை, 1 − (தூரம் × பவர்) என்பதால் வகுங்கள். தூரம் மீட்டரில், அதாவது 0.012. பவரோடு மைனஸ் இருப்பதால் கீழே 1.096 வரும். விடை −7.30, கொடுப்பது −7.25. அந்த மைனஸை விட்டுவிட்டால் கீழே 0.904, விடை −8.85. முதலில் எழுதிய வரி அங்கேயே உங்களைப் பிடித்து நிறுத்தும்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. ஒன்றரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அதிகமாகக் கொடுத்தாலும் இளவயதுக்காரர் கண்ணைக் குவித்துச் சமாளித்துவிடுவார். தூரத்து எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும், புகார் சொல்ல மாட்டார். படிக்க உட்காரும்போது தலைவலியோடு வருவார். +8 ஆக இருந்தால் எதிர்ப்பக்கம்: +8.85 தேவைப்படும். 4 டயாப்டருக்குக் கீழே இந்த வித்தியாசம் கால் டயாப்டரைத் தொடாது.

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, நிழலின் அசைவு எந்த லென்ஸில் நிற்கிறது என்று பார்த்துப் பவரைக் காணும் ரெட்டினோஸ்கோப்பியிலும் இதே பழக்கம் உதவும். 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 1.50 கழிக்க வேண்டும், 50 சென்டிமீட்டரில் 2.00. நிழல் −1.50 லென்ஸில் நின்றால், 67 சென்டிமீட்டரில் உண்மையான பவர் −3.00. செய்முறைத் தேர்வில் பதற்றத்தில் உடல் தானாக முன்னே சாயும். தூரம் 50 ஆகிவிட்டிருக்கும், நீங்கள் 1.50தான் கழிப்பீர்கள். அரை டயாப்டர் போச்சு. 67 சென்டிமீட்டருக்கு ஒரு நூலை வெட்டி, பயிற்சியின்போது நடுநடுவே பிடித்து அளந்து பாருங்கள்.

லென்ஸ் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதுதான் பிரிஸம் கணக்கு. அதில் தூரம் சென்டிமீட்டரில் வரும், அதைப் பவரால் பெருக்க வேண்டும். வலது −2, இடது −6 உள்ளவர், லென்ஸ் மையத்துக்கு 10 மில்லிமீட்டர் கீழே பார்த்துப் படித்தால் ஒன்றில் 2, மற்றதில் 6 பிரிஸம். மைனஸ் லென்ஸ் ஓரத்தில் தடிப்பதால் இரண்டிலும் பிரிஸத்தின் தடித்த அடிப்பக்கம் கீழ்நோக்கி. வித்தியாசம் 4. அவர் கண் வலிக்கிறது என்றோ இரட்டையாகத் தெரிகிறது என்றோ சொன்னால் ஆச்சரியமில்லை.

பார்வைப் பாதையை வாசித்து மனத்தில் ஏற்ற முடியாது. தினமும் வெற்றுத்தாளில் வரையுங்கள். விழித்திரையின் மூக்குப்பக்க நார்கள், இரு கண் நரம்புகளும் சந்திக்கும் கயாஸ்மாவில் எதிர்ப்பக்கம் கடக்கின்றன என்பதைக் கை வரைந்துவிட்டால், நடுவில் அழுத்தம் விழும்போது இரு கண்ணிலும் வெளிப்பக்கக் காட்சி ஏன் போகிறது என்பது தாளிலேயே தெரியும். அதைத் தாண்டிய இடத்தில் சேதமானால் எதிர்ப்பாதிக் காட்சி இரு கண்ணிலும் போகும். மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்பொரல் மடலில் என்றால் அந்தப் பாதியின் மேல் கால் பகுதி, அதற்கு மேலுள்ள பரைட்டல் மடலில் என்றால் கீழ்க் கால் பகுதி.

கண்மணிக்கான நார்களை வேறு நிறத்தில் போடுங்கள். அவை, பார்வை நார்கள் மூளைக்குள் இடைநிற்கும் லேட்டரல் ஜெனிகுலேட்டுக்கு முன்பே பிரிந்து நடுமூளைக்குப் போகின்றன. அதனால் பின்மண்டையில் அடிபட்டு இரு கண்ணிலும் பாதிக் காட்சி போனவருக்கும் கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகவே சுருங்கும்.